பிழைக்குமா, வேறு வாங்கட்டுமா?

திருவருகைக் காலம் மூன்றாம் ஞாயிறு – முதல் ஆண்டு
எசா 35:1-6, 10, திபா 146, யாக் 5:7-10, மத் 11:2-11



இன்று நான் அணிந்திருக்கும் உடையைப் பார்த்து சாக்ரிஸ்டியில் பீடச் சிறுவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், இது மகிழ்ச்சி ஞாயிறு. ஆண்டில் இரண்டே ஞாயிறுகளில்தான் திருச்சபை குருவுக்கு ரோஜா நிறத்தை அனுமதிக்கிறது. ஒன்று இன்று, மற்றொன்று தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. கட்டாயம் இல்லை, வழக்கம் உள்ள இடங்களில் அணியலாம், அவ்வளவுதான். ஊதா நிறத்தில் தவமும் எதிர்பார்ப்புமாக நாட்கள் போய்க்கொண்டிருக்கும்போது, பாதி வழிக்கு மேல் வந்துவிட்டோம் என்று சொல்வதற்காக நடுவில் இந்த நிறத்தை வைத்தார்கள். திருவருகைக் கால வளையத்தில் மூன்றாவது மெழுகுதிரியும் அதனால்தான் ரோஜா நிறம்.

நிறத்தைப் பற்றி இவ்வளவு போதும். எசாயா இன்று பாலைநிலம் பூக்கும் என்கிறார். யாக்கோபு பயிரிடுபவரைப் பாருங்கள் என்கிறார். ஆகவே நானும் இன்று பூவைப் பற்றியும் பயிரிடுவதைப் பற்றியும் பேசப்போகிறேன். உங்கள் மொட்டை மாடிகளில் இருக்கும் ரோஜாச் செடிகளைப் பற்றி.

வீடு மந்திரிக்க வரும்போதெல்லாம் கடைசியில் மாடிக்கும் தீர்த்தம் தெளிக்கச் சொல்வீர்கள். ஏறிப் போனால் பெயிண்ட் பக்கெட்டிலோ சிமென்ட் தொட்டியிலோ பழைய அரிசிச் சாக்கிலோ கட்டாயம் ஒரு ரோஜாச் செடி நிற்கும். பூந்தமல்லியைத் தாண்டி நெடுஞ்சாலையோர நர்சரியில் வாங்கியது, தெருவில் வந்த தள்ளுவண்டியில் பூவோடு வாங்கியது, ஊட்டிச் சுற்றுலாவுக்குப் போய் ரோஜாப் பூங்காவைப் பார்த்த மயக்கத்தில் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தது. ஊட்டியின் அரசு ரோஜாப் பூங்கா 1995-ல் தொடங்கப்பட்டது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே குலுங்கும் பூ ஆவடியில் குலுங்கவில்லையே என்று செடியின் மேல் கோபித்துக்கொள்வதில் நியாயம் இல்லை.

பூ நம் பகுதிக்குப் புதிது கிடையாது. பூந்தமல்லியில் நந்தவனம் வைத்து, பூப்பறித்து, அதைக் காஞ்சி வரதராசருக்குக் கொண்டுபோன திருக்கச்சி நம்பியின் கதையை வைணவ நண்பர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கதை. மல்லி, முல்லை, கனகாம்பரம் எல்லாம் நம் வெயிலோடு ஒத்துப்போகிறவை. இன்று கடைகளில் நாம் வாங்கும் பெரிய பூ ரோஜாக்களின் சேதி வேறு. அவற்றின் வளர்ப்பு முறையே குளிர்நாடுகளில் உருவானது. அங்கே பனிக்காலம் வந்ததும் இலையெல்லாம் உதிர்ந்துவிடும். செடி உறங்கும். உறங்கப்போகுமுன் வேரிலும் தண்டிலும் சத்து சேர்த்துவைத்துக்கொள்ளும். பனி விலகும் நேரத்தில் கிளைகளை வெட்டிவிடுவார்கள். வெயில் ஏற ஏறத் துளிர்த்து, கோடையில் அள்ளிக்கொட்டிப் பூக்கும்.

நம் ஊரில் அதற்கு உறக்கம் கிடையாது. தையிலும் வெயில், சித்திரையில் நாற்பது டிகிரி. செடி ஆண்டு முழுவதும் துளிர்க்கப் பார்க்கிறது, ஆண்டு முழுவதும் பூக்கப் பார்க்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பூ சிறுத்துக்கொண்டே போகும். கிளை ஒல்லியாக நீண்டு, உச்சியில் மட்டும் நாலு இலையோடு நிற்கும். கோடையில் இலைக்கு அடியில் செம்பேன் வலை பின்னும். உப்புக் கலந்த போர்வெல் தண்ணீர் வேறு, இலை ஓரமெல்லாம் கருகும். இரண்டு மூன்று வருடத்தில் செடி ஓய்ந்துபோகிறது. நோய் ஒரு காரணம்தான். ஓய்வே கிடைக்காதது பெரிய காரணம்.

அதனால் சமவெளியில் ரோஜா வளர்த்த பழைய தோட்டக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். மழைக்காலத்தை ஒட்டிச் செடிக்குத் தண்ணீரைக் குறைப்பார்கள். அடிமண்ணைப் பக்குவமாக விலக்கி, மேல்வேருக்குச் சில நாள் காற்றும் வெளிச்சமும் படவிடுவார்கள். பிறகு கவாத்து. பிறகு தொழு உரம் போட்டு மண்ணை மூடித் தண்ணீர் விடுவார்கள். குளிர் வராத ஊரில் குளிர்காலத்தைக் கையாலே உண்டாக்கிக் கொடுத்தார்கள். நம் வேளாண் பல்கலைக்கழகமும் ரோஜாவுக்குக் கவாத்துக் காலம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்றுதான் சொல்கிறது. போன பருவத்தில் நன்றாக வளர்ந்த கிளைகளைப் பாதி உயரத்துக்கு வெட்ட வேண்டும். காய்ந்தது, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது, பூக்காமல் சும்மா நிற்பது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிட வேண்டும். வெட்டின வாயில் போர்டோ பசை தடவ வேண்டும். இல்லாவிட்டால் மழை ஈரத்தில் நுனியிலிருந்து கருகிக்கொண்டே கீழே இறங்கும்.

எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. தண்டைக் கிட்டத்தில் பார்த்தால் ஒவ்வொரு கணுவிலும் கடுகு அளவுக்கு ஒரு கண் இருக்கும். செடியின் வெளிப்பக்கம் பார்த்த கண்ணாகத் தேடி, அதற்குக் கால் அங்குலம் மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். சாய்வு கண்ணுக்கு எதிர்ப்பக்கம் இறங்க வேண்டும், மழைத் தண்ணீர் கண்ணில் வடியக் கூடாது. உயரமாக வெட்டினால் மிச்சக் குச்சி செத்துப்போகும். நெருக்கி வெட்டினால் கண்ணே போய்விடும். கத்தரி மழுங்கியிருந்தால் தண்டு நசுங்கும். சமையலறைக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறவர்கள் தயவுசெய்து போகாதீர்கள்.

நம் பங்கில் சிலர் கல்லறைத் திருநாளை ஒட்டி இந்தக் கவாத்தைச் செய்கிறார்கள். நவம்பர் 2-ஆம் தேதிக்கு முந்தின நாள் செடியில் இருக்கும் பூவையெல்லாம் பறித்துக் கல்லறைக்குக் கொண்டுபோவது, வந்த கையோடு செடியை வெட்டிவிடுவது. நல்ல பழக்கம்தான், அன்றைக்கு வெளியே பூ விற்கிற விலைக்குச் சிக்கனமும்கூட. வெட்டியதிலிருந்து ஆறு அல்லது ஏழு வாரத்தில் பூ வரும். கணக்குப் பாருங்கள், இந்த ஞாயிறுக்கு நெருக்கத்தில் முதல் மொட்டு நிறம் காட்டும்.

ஆனால் அந்த ஆறு வாரம்!

வெட்டியபின் முதல் வாரத்தில் தொட்டியில் என்ன இருக்கும்? ஆறேழு முள் குச்சி. ஓர் இலை இருக்காது. பச்சைகூடச் சரியாகத் தெரியாது. வெட்டிய வாயில் நீலப் பசை காய்ந்திருக்கும். அதன்மேல் ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து மாடியில் செடியை வெட்டாமல் விட்டவர் வீட்டில் ஒல்லிக்கிளையில் ரெண்டு பூ ஆடிக்கொண்டிருக்கும். நமக்கு வயிறு எரியும். அப்படி ஒரு நாளில் ஒரு பாட்டியம்மா என்னை மாடிக்கு அழைத்துப்போய்க் குச்சிகளைக் காட்டிக் கேட்டார்: “சாமி, இது பொழைக்குமா, இல்ல வேற வாங்கிடட்டுமா?”

பிரியமானவர்களே, இன்றைய நற்செய்தியில் திருமுழுக்கு யோவான் கேட்பதும் இந்தக் கேள்விதான். வருவார் என்று சொல்லப்பட்டவர் நீர்தானா, இன்னொருவருக்காகக் காத்திருப்பதா என்று சீடர்களை அனுப்பிக் கேட்கிறார். கேட்பவர் யார்? யோர்தானில் நின்று ஆயிரக்கணக்கானவர்களுக்கு விரல்நீட்டிக் காட்டியவர். இப்போது சிறையில் இருக்கிறார். சாக்கடலுக்குக் கிழக்கே மக்கேருஸ் கோட்டையில் ஏரோது அவரை அடைத்துவைத்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதியிருக்கிறார். வானத்தைக் கூரையாகக் கொண்டு பாலைவனத்தில் வாழ்ந்த மனிதர், ஒரு கோட்டையின் அடியறையில்.

அவருக்கு ஏன் சந்தேகம் வந்தது? போன ஞாயிறு வாசித்ததை நினைவுபடுத்திப் பாருங்கள். மெசியா வரும்போது கோடாரியோடு வருவார் என்றல்லவா யோவான் பிரசங்கித்தார்? கோடாரி மரத்தின் வேரருகே வைத்தாகிவிட்டது, கனி தராத மரம் வெட்டப்பட்டு நெருப்பில் விழும் என்றார். வேரோடு வெட்டும் நாளுக்காக அவர் காத்திருந்தார். ஏரோதும் அவன் அரண்மனையும் முதலில் சாயும் என்று நினைத்திருக்கலாம், நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம். ஆனால் வந்தவர் கோடாரியைத் தூக்கவில்லை. வரிதண்டுவோரோடு சாப்பிட உட்கார்ந்தார். தொழுநோயாளரைத் தொட்டார். ஏரோது அவன் அரண்மனையிலேயே இருந்தான். யோவான் அறையிலேயே இருந்தார்.

கண் பார்த்து வெட்டுகிறவரும் வெட்டத்தான் செய்கிறார், அதை மறக்க வேண்டாம். இயேசு மென்மையானவர், எதையும் வெட்டமாட்டார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பரிசேயரைக் கேளுங்கள், செல்வந்த இளைஞனைக் கேளுங்கள், பேதுருவைக் கேளுங்கள். ஆனால் அவர் வெட்டும்போது ஒரு கண்ணை விட்டுவைத்து வெட்டுகிறார். வேரைத் தொடுவதில்லை. யோவான் எதிர்பார்த்த கருவி வேறு, ஆண்டவர் கையில் இருந்த கருவி வேறு. யோவானுடைய வேதனை அங்கேதான் இருக்கிறது, நம்முடைய பல செபங்களின் வேதனையும் அங்கேதான்.

சரி, ஆண்டவர் என்ன பதில் சொன்னார்? ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போங்கள், இங்கே கண்ணால் பார்ப்பதையும் காதால் கேட்பதையும் அவரிடம் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். பார்வையற்றவர், கால் ஊனமுற்றவர், தொழுநோயாளர், ஏழைகள் என்று ஒரு சின்னப் பட்டியல். முதல் இரண்டும் இன்று முதல் வாசகத்தில் எசாயா சொன்ன அதே அடையாளங்கள்தான். பாட்டியம்மாவுக்கும் நான் விளக்கமெல்லாம் சொல்லவில்லை. குச்சியை நகத்தால் லேசாகச் சுரண்டிக் காட்டினேன். மேல்தோலுக்கு அடியில் பச்சை இருந்தது. “பொழைச்சிருக்கு பாட்டிம்மா” என்றேன். பழுப்பாக இருந்திருந்தால் செத்துவிட்டது என்று சொல்லியிருப்பேன். சில சமயம் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அடையாளம் பார்ப்பதிலும் ஏமாறுவது உண்டு. ரோஜா வளர்ப்பவர்களுக்கு இது தெரியும். நர்சரியில் வாங்கும் செடி ஒட்டுச்செடி. கீழே முரட்டு வேர், அதன்மேல் நல்ல பூ ரகத்தின் கண்ணை ஒட்டியிருப்பார்கள். மழை பெய்ததும் ஒட்டுக்குக் கீழேயிருந்து ஒரு கிளை கிளம்பும். தளதளவென்று, மற்றக் கிளைகளைவிட இரண்டு மடங்கு வேகமாக, கைநீளத்துக்கு வரும். வீட்டுக்காரர் பூரித்துப்போவார். அது வேர்ச்செடியின் கிளை. விட்டுவைத்தால் சத்தையெல்லாம் அது இழுத்துக்கொண்டு மேலே இருக்கும் ஒட்டைச் சாகடித்துவிடும். “பெங்களூர் ரோஸ் வாங்கினேன், ஆறே மாசத்துல காட்டு ரோஜாவா மாறிடுச்சு” என்பார்களே, மாறவில்லை, மேலே இருந்தது செத்துப்போய்க் கீழே இருந்தது வளர்ந்துவிட்டது. (உரோமையருக்கு எழுதிய திருமுகத்தில் பவுல் காட்டு ஒலிவக் கிளையை நாட்டு ஒலிவத்தில் ஒட்டுவதாகச் சொல்கிறார். நர்சரிக்காரர் செய்வது அதற்கு நேர்மாறு. இது இயல்புக்கு மாறானது என்று பவுலே அந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறார், ஆகவே அவருக்குத் தோட்டம் தெரியாது என்று சொல்லிவிடாதீர்கள்.)

வேகமாக வளர்வதெல்லாம் உயிரின் அடையாளம் ஆகாது. கூட்டம் சேர்வது, மேடை பெரிதாவது, கோயிலுக்குக் கிரானைட் போடுவது, இவையெல்லாம் ஒட்டுக்கு மேலேயா கீழேயா என்று பார்க்க வேண்டும். ஆண்டவர் யோவானுக்கு அனுப்பிய பட்டியலில் கூட்டத்தின் எண்ணிக்கை இல்லை. ஏழைக்கு நல்ல சேதி போய்ச் சேர்ந்ததா என்பது இருக்கிறது.

இப்போது யாக்கோபிடம் வருவோம். பயிரிடுபவர் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கிறாரே, அவரைப் பாருங்கள் என்கிறார். பாலஸ்தீனத்தில் அக்டோபர், நவம்பரில் ஒரு மழை, மார்ச், ஏப்ரலில் ஒரு மழை. நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் ஆதாரம். அதுவும் அளவோடு வருவதில்லை. 2015 டிசம்பர் 1, திருவருகைக் காலத்தின் முதல் வாரம், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து தண்ணீர் திறந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல், அதுவும் திருவருகைக் காலத்தின் முதல் வாரம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திரங்கள் தண்ணீரில் நின்றன. கொரட்டூரிலும் பட்டாபிராமிலும் வீட்டு வாசலுக்கே படகு வந்தது. மெழுகுதிரி ஏற்றி மெசியாவை எதிர்பார்க்கும் அதே நாட்களில் நாம் ஏரி உடையுமா என்றும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மழைக்காலத்தில் ரோஜா வளர்ப்பவர் சும்மா இருப்பாரா? தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்ப்பார். தொட்டியைச் செங்கல்மேல் தூக்கிவைப்பார். உதிர்ந்த இலையில் கரும்புள்ளி இருந்தால் பொறுக்கி அப்புறப்படுத்துவார், அங்கேதான் நோய் தங்கும். மார்கழிப் பனியில் இலைமேல் சாம்பல் பூத்திருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பார். மழை விட்டதும் வேப்பம் புண்ணாக்கு கொஞ்சம் போட்டு மண்ணைக் கிளறிவிடுவார். தண்ணீர் ஊற்றினால் காலையில், வேரடியில் ஊற்றுவார், சாயங்காலம் இலைமேல் ஊற்றமாட்டார். பூவை வரவழைக்க அவரால் முடியாது. அதைச் சுற்றியுள்ள எல்லாம் அவர் வேலை. யாக்கோபு சொல்லும் பொறுமை இவருடைய பொறுமை. திண்ணையில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறவருடையது இல்லை. பொறுமை என்ற பெயரில் எதுவும் செய்யாமல் இருப்பதை நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் நிறையவே கற்றுக்கொண்டிருக்கின்றன. குடிக்கிற கணவனைப் பற்றிக் கேட்டால் பொறுத்துப்போ என்கிறோம், இடியும் கூரையைப் பற்றிக் கேட்டால் ஆண்டவர் பார்ப்பார் என்கிறோம். யாக்கோபின் மேல் அந்தப் பழியைப் போட வேண்டாம்.

பொறுமையைப் பற்றிச் சொன்ன கையோடு யாக்கோபு இன்னொன்றும் சொல்கிறார்: ஒருவரைப் பற்றி ஒருவர் முறையிடாதீர்கள். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். வெள்ளக் காலத்தில் நம் தெருக்களைப் பார்த்தவர்களுக்குச் சம்பந்தம் தெரியும். ஒருவர் மனையை மூன்றடி உயர்த்திக் கட்டியிருப்பார், தண்ணீர் அடுத்த வீட்டுக்குப் போகும். கால்வாய் மேல் படிக்கட்டு யாருடையது என்று சண்டை. மாடித் தொட்டித் தண்ணீர் கீழ்வீட்டுக் கொடித்துணியில் ஒழுகியதற்கு இரண்டு குடும்பங்கள் பேசாமல் இருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன், இரண்டுமே நம் பங்குக் குடும்பங்கள். காத்திருப்பவர் மனம் சலித்துப்போகும்போது முதலில் பாய்வது பக்கத்தில் இருப்பவர் மேல்தான். யாக்கோபு மனிதரை அறிந்தவர்.

நம்மில் பலர் எதிர்பார்ப்பது வேறு மாதிரியான ரோஜா. இந்த மாதம் 12-ஆம் தேதி குவாதலூப்பே அன்னையின் நினைவு. 1531 டிசம்பரில், மெக்சிகோவின் தெப்பேயாக் குன்றில், பூவே பூக்காத குளிரில், யுவான் தியேகோ என்ற எளிய மனிதர் ரோஜாக்களைக் கண்டார். அவற்றை மேலாடையில் கட்டி ஆயர் சுமாரகாவிடம் கொண்டுபோய் விரித்தபோது ஆடையில் அன்னையின் உருவம் இருந்தது. எனக்கும் இந்தக் கதை பிடிக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் புதுமையில்கூட அன்னை பூவைக் கட்டிக் கையில் கொடுக்கவில்லை. குன்றின் உச்சிக்கு ஏறச் சொன்னார். அவர் ஏறினார், தன் கையால் பறித்தார், சுமந்துகொண்டு நடந்தார், ஆயரின் வேலையாட்கள் உள்ளே விடாமல் நிறுத்திவைத்தபோது வெளியே காத்து நின்றார்.

உழைப்பால் வந்த ரோஜா ஒன்றும் உண்டு. அதைச் சொல்ல, நம் பகுதியில் வாழ்ந்த ஒருவரிடமிருந்து தொடங்க வேண்டும். தாவரவியல் அறிஞர் ஈ. கே. ஜானகி அம்மாள். தலைச்சேரியில் 1897-ல் பிறந்தவர். கோவையின் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்புக் கலப்பினங்களில் உழைத்தவர், லண்டனில் ஆய்வு செய்தவர். 1970-க்குப் பிறகு சென்னைப் பல்கலைக்கழகத்தின் மதுரவாயல் கள ஆய்வகத்தில் தங்கி, மூலிகைச் செடிகளுக்கு நடுவே வேலை செய்துகொண்டிருந்தார். 1984 பிப்ரவரியில், எண்பத்தாறாம் வயதில் இறக்கும்வரை அங்கேதான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தினமும் பேருந்தில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு ஒரு ரோஜாவுக்கு அவர் பெயர் வந்தது. மென்மஞ்சள் நிறப் பூ. அதை உருவாக்கியவர்கள் கொடைக்கானலைச் சேர்ந்த விரு வீரராகவனும் அவர் மனைவி கிரிஜாவும். வீரராகவன் இந்திய ஆட்சிப் பணியை இடையில் விட்டுவிட்டு ரோஜாவுக்கு வந்தவர். வெயில் நாடுகளுக்கு ஏற்ற ரோஜாக்களை உருவாக்குவதே அந்தத் தம்பதியின் வாழ்நாள் வேலை. குளிர்நாட்டு ரகங்களைக் கெஞ்சிக் கொஞ்சி இங்கே வாழவைப்பதைவிட, இந்தியாவின் காட்டு ரோஜாக்களைத் தேடிப் போனார்கள். வங்காளம், பீகார்ப் பக்கம் ஆற்றோரங்களிலும் நீர்நிலைகளிலும் வளரும் ரோசா கிளினோஃபில்லா என்ற இனம் வேர் நனைந்தாலும் தாங்கும். வெயிலையும் தாங்கும். மணிப்பூர் மலையில் ரோசா ஜைஜான்டியா. இவற்றின் மகரந்தத்தைக் கொண்டு இனம் கலந்தார்கள். ஒரு கலப்பு விதை முளைத்து, பூத்து, நல்லதா இல்லையா என்று தெரிய ஆண்டுகள் ஆகும். பெரும்பாலான நாற்றுகளைத் தூக்கிப்போட வேண்டியிருக்கும். பிறகு மறுபடியும் தொடக்கம். நம் மண்ணிலேயே, நம் ஆற்றங்கரையிலேயே ஒரு ரோஜா இருந்திருக்கிறது. நாம்தான் தெரியாமல் பனி தேசத்துச் செடியை மட்டும் ரோஜா என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பாலைநிலம் பூக்கும் என்று எசாயா சொன்னதும் வெளியூரிலிருந்து பூ இறக்குமதி ஆகும் என்ற பொருளில் இல்லை. அந்த நிலமே பூக்கும்.

இனி, கொஞ்சம் கடினமான விஷயம். யோவானுக்கு ஆண்டவர் அனுப்பிய பட்டியலைத் திரும்பப் படியுங்கள். அதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. இன்றைய பதிலுரைப் பாடல், 146-ஆம் திருப்பாடல், சிறைப்பட்டோரை ஆண்டவர் விடுவிப்பதாகச் சொல்கிறது. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் எசாயாவின் ஏட்டை விரித்து வாசித்தபோது இயேசுவும் சிறைப்பட்டோரின் விடுதலையைச் சொன்னார். ஆனால் சிறையிலிருந்து கேட்ட மனிதருக்கு அனுப்பிய பதிலில் அந்த வரி இல்லை. யோவான் அதைக் கவனித்திருப்பார். மறைநூலை அறிந்தவர் அல்லவா? தனக்கு விடுதலை இல்லை என்பதை அந்த இடைவெளியிலிருந்தே புரிந்திருப்பார். அவர் வெளியே வரவில்லை. ஒரு விருந்து நாளில் தலை வெட்டப்பட்டது. ஆண்டவர் மற்றவர்களுக்குச் செய்வதைக் கேட்டு மகிழும்படி, தனக்கு எதுவும் நடக்காத ஓர் ஆளிடம் சொல்லப்பட்டது. இந்த மகிழ்ச்சி ஞாயிறை வெறும் மகிழ்ச்சியாகக் கொண்டாட முடியாமல் செய்வது இதுதான். எல்லாக் குச்சியும் துளிர்ப்பதில்லை.

நம் பங்கிலிருந்து புழல் மத்தியச் சிறை தூரமில்லை. செங்குன்றம் சாலையில் போகும்போது மதில் தெரியும். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் விசாரணைக் கைதிகள் என்று 2022-ஆம் ஆண்டின் அரசுக் கணக்கு சொல்கிறது. தீர்ப்பு வராதவர்கள். யோவானைப் போல, குற்றவாளி என்று யாரும் தீர்மானிக்காமலேயே உள்ளே இருப்பவர்கள். நடுவர் வாசலில் நிற்கிறார் என்று யாக்கோபு இன்று சொல்வதை நாம் கொஞ்சம் பயத்தோடு கேட்கிறோம். வழக்கு எப்போது எடுக்கப்படும் என்றே தெரியாமல் மூன்று வருடம் உள்ளே இருப்பவருக்கு, நடுவர் வாசலுக்கே வந்துவிட்டார் என்பதைவிட நல்ல சேதி வேறு என்ன?

அவர்களுடைய குடும்பங்கள் நம் தெருக்களிலும் இருக்கின்றன. திருப்பலிக்குத் தாமதமாக வந்து, கடைசி வரிசையில் நின்று, நன்றிப் பாடல் முடிவதற்குள் போய்விடுகிறவர்களில் அவர்கள் உண்டு. யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். கிறிஸ்து பிறப்புக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. கேக் கொண்டுபோய்க் கொடுக்கும் வீடுகளின் பட்டியலில் அந்த வீட்டையும் சேருங்கள். வழக்கைப் பற்றிக் கேட்காதீர்கள், அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். நேர்காணலுக்குப் போகிற தாய்மார்களுக்கு வழித்துணை வேண்டும், பிள்ளையை அன்று பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி காவலில் இருக்கும் எவருக்கும் இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. அது தெரியாமல் நகையை அடகுவைத்தவர்களை எனக்குத் தெரியும். நம் பங்கில் வழக்கறிஞர்கள் இருக்கிறீர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் இருக்கிறீர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை இதற்குக் கொடுக்க முடிந்தவர்கள் திருப்பலி முடிந்ததும் பங்கு அலுவலகத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள். நான் அங்கே இருப்பேன்.